சகலை தட்டிக் கொடுத்தார்

மாஸ்டர், உங்கள் வகுப்பில் எனக்குப் பிடிக்காத விஷயம் ஒன்றே ஒன்றுதான். காலை ஆறு மணிக்கு வெறும் வயிற்றோடு வரவேண்டும், ஒரு வாய் டீகூடக் குடிக்கக் கூடாது என்று சட்டம் போட்டிருக்கிறீர்கள். நாற்பத்தேழு வயதுக்காரனுக்கு அது பெரிய கஷ்டம். கீழே டீக்கடையில் பால் பொங்குகிற வாசனை படியேறி மேலே வரும்போது, பாதி நாள் எனக்கு உங்கள் மேல் எரிச்சலாகத்தான் இருக்கும். மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை. நல்ல வகுப்பு. எதையும் அரைகுறையாகச் சொல்லிக் கொடுக்கிற ஆள் இல்லை நீங்கள்.

போன சனிக்கிழமை என் வீட்டு கேட் வரை வந்தீர்கள். உள்ளே வாங்க என்றேன், வரவில்லை. செருப்பைக்கூடக் கழற்றவில்லை. போனை நீட்டி, என் மகள் எடுத்த வீடியோவை ஓட்டிக் காட்டினீர்கள். துக்கம் விசாரிக்க வந்த நம் வகுப்பு அசாருக்கு என் மனைவிதான் அதை அனுப்பி வைத்திருக்கிறாள். அவன் உங்களுக்கு அனுப்பியிருக்கிறான். அவனை நான் தப்பு சொல்லவில்லை.

"தனசிங் சார், இவரு உங்களத் தட்டிக் குடுக்கல. தட்டறாரு. அது உங்களுக்குத் தெரிஞ்சுதா தெரியலையா, அத மட்டும் எழுதிக் குடுங்க. நாளைக்கு இல்ல, அடுத்த ஞாயித்துக்கிழமை வரைக்கும் பார்ப்பேன். அப்புறம் நான் ஸ்டேஷனுக்குப் போய்டுவேன்" என்றீர்கள். குரலை உயர்த்தவே இல்லை. நீங்கள் வகுப்பிலும் அப்படித்தான்.

இன்று வியாழன். பள்ளியில் கெமிஸ்ட்ரி லேபில் உட்கார்ந்து எழுதுகிறேன். பிளஸ் டூ பிராக்டிகல் வருகிறது, பியூரெட்டுகளை எல்லாம் கழுவிக் கவிழ்த்தாயிற்று, நாலு மணி வரை யாரும் வரமாட்டார்கள். நீங்கள் கேட்டதற்கு ஒரு வரியில் பதில் எழுதிவிடலாம். ஆனால் அந்த ஒரு வரியை மட்டும் படித்தால் என்னைத் தவறாக நினைப்பீர்கள். அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

அவர் பெயர் ஏசுதாசன். என் மனைவி ஞானசௌந்தரியின் அக்கா ஹெப்சியின் கணவர். எனக்குச் சகலை. ரயில்வேயில் வேலை, மின்சார ரயில் பெட்டிகளைப் பழுது பார்க்கிற இடத்தில். என்னைவிட ஆறு வயது மூத்தவர், ஒரு அடி அகலம் கூட. பிறந்ததிலிருந்து புளியந்தோப்பு, கல்யாணத்துக்குப் பிறகு தாம்பரம். எங்கள் மாமனார் ஏசுபாதம் ரிட்டயர்டு தமிழ் வாத்தியார். பேச்சில் ஒரு எழுத்துப் பிசகினால் யாரையும் விடமாட்டார். ஆனால் மூத்த மருமகன் "இன்னா மாமா, சோறு துன்னியா?" என்று கேட்டால் மட்டும் அவருக்கு முகமெல்லாம் பல். நான் இருபது வருடம் அவரிடம் அச்சடித்த தமிழில் பேசினேன். ஒரு நாளும் அந்தப் பல்லை எனக்குக் காட்டியதில்லை.

ஏசுதாசன் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அதை முதலிலேயே எழுதி வைக்கிறேன், அப்புறம் யாரும் என்னை நன்றி கெட்டவன் என்று சொல்லக் கூடாது. எங்களுக்கு சேலையூரில் வீடு பார்த்துக் கொடுத்தவர் அவர். கொரோனா இரண்டாவது அலையில் எனக்கு மூச்சு முட்டியபோது, ஆக்சிஜன் சிலிண்டருக்காக வண்டலூர், கூடுவாஞ்சேரி என்று ஒரு நாள் முழுக்கச் சுற்றி, கடைசியில் தோளில் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறியவரும் அவர்தான். அதை அவர் ஒரு தடவைகூடச் சொல்லிக் காட்டியதில்லை. மற்ற எல்லாரும் சொன்னார்கள். "அத்தான் இல்லன்னா நீங்க இன்னைக்கு இல்ல" என்று ஞானசௌந்தரி வருடத்துக்கு நாலு முறையாவது சொல்வாள். சோறு போடும்போது சொல்வாள். எனக்கு அந்தச் சோறு இறங்காது.

அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. என்னைக் கண்டால் கழுத்தைப் பிடித்து அக்குளில் வைத்துக்கொள்வார்.

ஆரம்பித்தது என் கல்யாண ரிசப்ஷனில். இரண்டாயிரத்து ஐந்து, குரோம்பேட்டையில் ஒரு மண்டபம். போட்டோவுக்கு நிற்க மேடைக்கு வந்தவர், "வா சகல, வா" என்று என் கழுத்தில் கையைப் போட்டு, ஒரு இழு இழுத்து, தலையை அக்குளுக்குள் அமுக்கிக்கொண்டார். கோட்டும் டையுமாக நான் குனிந்து நிற்கிறேன். எதிரே என் பள்ளி ஹெட்மாஸ்டர், என்னுடைய அப்பா, முந்நூறு பேர். எல்லாரும் கைதட்டினார்கள். அந்தப் போட்டோவைத்தான் மாமனார் பெரிதாக்கி ஹாலில் மாட்டினார். அதில் என் முகத்தில் பாதி இல்லை. பல் தெரிகிறது. நான் சிரிக்கிறேனாம்.

அதற்குப் பிறகு கிறிஸ்துமஸ், புது வருடம், அறுப்பின் பண்டிகை, ஞானஸ்நானம், வீடு குடி போவது, எதுவும் பாக்கியில்லை. பிடிப்பார், பத்து விநாடி வைத்திருப்பார், மண்டையில் ஒரு முத்தம் கொடுத்து விடுவார். பவுடரும் வியர்வையும் கலந்த அந்த நாற்றம் இரவு வரை என் மூக்கில் இருக்கும். நான் இதையெல்லாம் எண்ணிக்கொண்டிருக்கிற ஆள் இல்லை. நாற்பத்து மூன்று முறை.

ஒரு முறை சொல்லிப் பார்த்தேன். அவர் வீட்டு மொட்டை மாடியில், எல்லாரும் இருக்கும்போது. "அண்ணா, வேணாம்ணா. நெஜமாவே எனக்குப் புடிக்கல" என்றேன்.

"இன்னா சகல நீ. பாசத்துல புடிக்கறதுக்கு இன்னாத்துக்கு மூஞ்ச இப்டி வச்சுகினு கீற?" என்று சொல்லிவிட்டு மறுபடியும் பிடித்தார். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஞானசௌந்தரியும் சிரித்தாள். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது?

போன வருடம் புது வருட ஆராதனை முடிந்து சர்ச் வாசலில் நிற்கிறோம். என் மகளின் தோழிகள் நாலைந்து பேர் அவளோடு பேசிக்கொண்டிருந்தார்கள். பின்னால் வந்து பிடித்தார். கண்ணாடி கீழே விழுந்து ஒரு கால் உடைந்தது. அவரே எடுத்துத் துடைத்து, ஒற்றைக் காலோடு என் மூக்கில் மாட்டிவிட்டார். அந்தப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஸ்கூட்டரில் திரும்பி வரும்போது என் மகள் பின்னாலிருந்து கேட்டாள். "அப்பா, பெரியப்பா அப்படிப் பண்றப்போ நீங்க ஏம்பா சிரிக்கிறீங்க?"

சிக்னலில் பச்சை விழுந்தும் நான் வண்டியை எடுக்கவில்லை. அவள் மேல் கோபமா, அவர் மேல் கோபமா, என் பல் மேல் கோபமா என்று எனக்கே தெரியவில்லை. பிப்ரவரி முதல் வாரம், மாடம்பாக்கம் போகும் சாலையில் டயர் கடைக்கு மேலே உங்கள் போர்டைப் பார்த்தேன். பெரியவர்களுக்கும் ஜூடோ என்று எழுதியிருந்தது. முதுகு வலிக்கு நல்லது என்று வீட்டில் சொல்லிவிட்டுச் சேர்ந்தேன்.

நீங்கள் இரண்டு மாதம் விழ மட்டும்தான் சொல்லிக்கொடுத்தீர்கள். பக்கவாட்டில் விழு, பின்னால் விழு, கையைப் பாயில் அடித்து விழு. எனக்கு அது சுலபமாக வந்தது. மூன்றாவது மாதம்தான் முதல் பிடி. கெசா கதமே என்றீர்கள். "ஜப்பான்ல சாமியாருங்க தோள்ல குறுக்கால போட்டுக்கற துண்டுக்குப் பேரு கெசா. நம்ம ஊருல கட்சிக்காரரு துண்டு போட்டுக்கறாரே, அந்த மாதிரி உங்க கை அவன் கழுத்தச் சுத்திப் போகணும்" என்று சொல்லி, மல்லாந்து படுத்த அசாரின் பக்கத்தில் உட்கார்ந்து காட்டினீர்கள். ஒரு கை கழுத்துக்குக் கீழே. அவனுடைய ஒரு கை நம் அக்குளில். நம் விலா அவன் நெஞ்சின் மேல். கால்கள் அகலமாக. தலை தாழ்ந்து.

நான் பார்த்துக்கொண்டே நின்றேன், மாஸ்டர். இருபது வருடமாக எனக்குத் தெரிந்த பிடி. நின்றுகொண்டு செய்ததை இவர்கள் தரையில் செய்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். இத்தனை நாள் நான் இந்தப் பிடிக்கு உள்ளே இருந்தேன். இப்போது வெளியே இருக்கப் போகிறேன்.

முதல் நாள் என்னால் அசாரை நாலு விநாடிகூட அமுக்கி வைக்க முடியவில்லை. குரோம்பேட்டையில் மொபைல் கடை வைத்திருக்கிற பையன், இருபத்தெட்டு வயது, இடுப்பை ஒரு உதறு உதறினால் நான் போய் சுவரோரம் விழுவேன். "கையால புடிக்காதீங்க சார். கையி சும்மா. உங்க எடைய அவன் மேல எறக்குங்க. அவன் மூச்ச வெளிய விடறப்போ நீங்க எறங்கணும்" என்றீர்கள். இருபது விநாடி அசையாமல் வைத்திருந்தால் முழு வெற்றி என்றீர்கள். எனக்கு அதற்கு ஜூலை மாதம் ஆயிற்று.

அந்த ஜூலை நாளைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். நீங்கள் எண்ணிக்கொண்டிருந்தீர்கள். பதினாலு, பதினைந்து. என் முதுகில் யாரோ மெதுவாகத் தட்டினார்கள். இரண்டு தட்டு. கொஞ்சம் விட்டு மறுபடி இரண்டு. அசாரின் வெளியே இருந்த கை அது. எனக்கு என்ன தோன்றியது என்று சத்தியமாகச் சொல்கிறேன், சிரிக்காதீர்கள். அவன் என்னைத் தட்டிக் கொடுக்கிறான் என்று நினைத்தேன். பரவாயில்லை சார், நல்லாப் பண்றீங்க என்று சொல்கிறான் என்று நினைத்தேன். என் அப்பா எனக்குத் தட்டிக் கொடுத்ததில்லை, மாமனார் கொடுத்ததில்லை, ஹெட்மாஸ்டர் கொடுத்ததில்லை. நாற்பத்தேழு வயதில் ஒரு மொபைல் கடைக்காரப் பையன் தட்டிக் கொடுத்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. இன்னும் இறுக்கமாகப் பிடித்தேன்.

நீங்கள் ஓடி வந்து என் காலரைப் பிடித்துத் தூக்கினீர்கள். அசார் இருமிக்கொண்டு புரண்டான். "தட்டுனா விட்டுரணும் சார். மொத நாளே சொன்னனா இல்லையா? மத்த எதுவும் நீங்க கத்துக்கலன்னாலும் பரவால்ல" என்றீர்கள். ஒரு வாரம் சுவரோரம் உட்கார்ந்து பார்க்கச் சொன்னீர்கள். பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு முன்னால். பரவாயில்லை, அது உங்கள் வேலை.

ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்தேன். சுவரோரம் இருந்து பார்த்தால் பிடிக்கிறவனின் முதுகு மட்டும்தான் தெரியும். அடியில் இருப்பவனின் முகம் தெரியாது. முதுகில் ஒரு கை மெதுவாகத் தட்டுவது தெரியும். விஷயம் தெரியாத யார் பார்த்தாலும், அம்மா பிள்ளையைத் தட்டுவதைப் போலத்தான் இருக்கும். எனக்கு அப்போது வேறு ஒன்றும் தோன்றவில்லை. பார்த்தேன், அவ்வளவுதான்.

டிசம்பர் இருபத்தாறு. வருடா வருடம் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் எல்லாரும் மாமனார் வீட்டில் சாப்பிடுவோம். மட்டன் பிரியாணியை ஏசுதாசனே செய்வார். அன்றும் செய்தார். அவரே மூன்று தடவை போட்டுச் சாப்பிட்டார். ஹெப்சி, "போதுங்க, டாக்டர் இன்னா சொன்னாரு" என்று தட்டை இழுத்தாள். மூன்று வருடத்துக்கு முன்னால் அவர் இருதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் இரண்டு ராத்திரி அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் படுத்திருந்தவன் நான். டாக்டர் சொன்னதெல்லாம் எனக்கும் மனப்பாடம்.

சாப்பிட்டு முடித்து ஹாலில் உட்கார்ந்திருந்தோம். ஞானசௌந்தரி பேச்சுவாக்கில் போட்டு உடைத்தாள். "இவர் ஜூடோ கத்துக்கறாரு அத்தான். பத்து மாசமா."

அவர் எழுந்தே நின்றுவிட்டார். "ஜூடோவா? நம்ம சகலையா? இன்னா சகல, நம்மாண்ட ஒரு வார்த்த சொல்லல நீ. எங்க, காட்டு, காட்டு."

வேண்டாம் என்றேன். இது மாதிரி விஷயத்தில் ஒரு முறை வேண்டாம் என்று சொல்வது முறை. பிள்ளைகள் விடவில்லை. ஹெப்சியின் பிள்ளைகள் இரண்டு பேர், என் மகள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள். அறைக்குள்ளிருந்து மெத்தையை இழுத்து வந்து ஹால் நடுவில் போட்டார்கள். அவர் என் கழுத்தைப் பிடிக்கக் கையை நீட்டினார். நான் ஒதுங்கினேன். அது நீங்கள் சொல்லிக்கொடுத்ததுதான். எல்லாரும் ஓ என்றார்கள். அவருக்கு சந்தோஷம் தாங்கவில்லை.

"சர்தான். உன்னாண்ட மல்லுக்கட்ட நம்மளால ஆவாது, வயிறு ஃபுல்லா கீது. நானே படுத்துக்கறேன், நீ புடி. எந்திரிச்சுட்டன்னா நான் ஜெயிச்சேன்" என்று சட்டை பட்டனைக் கழற்றிவிட்டு மெத்தையில் மல்லாந்து படுத்தார். கல்யாணப் போட்டோவுக்கு நேர் கீழே.

"எத்தினி எண்ணணும்?" என்று கேட்டார்.

"இருபது" என்றேன்.

என் மகள் போனை எடுத்தாள். நான் அவருக்கு வலது பக்கம் உட்கார்ந்தேன். கழுத்துக்குக் கீழே கையைக் கொடுத்தேன். அந்தப் பவுடர் வாசனை. அவர் வலது கையை என் அக்குளில் வாங்கினேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார், சிரிக்கும்போது மூச்சு வெளியே போகிறது. நான் இறங்கினேன்.

அதற்குப் பிறகு நடந்ததில் பாதியை நீங்கள் வீடியோவில் பார்த்திருக்கிறீர்கள். பிள்ளைகள் சேர்ந்து எண்ணுகிறார்கள். அவர் இடுப்பை உதறுகிறார், காலை உதைக்கிறார், எல்லாரும் சிரிக்கிறார்கள். பன்னிரண்டில் அவருடைய இடது கை என் முதுகுக்கு வருகிறது. மாமனாரின் குரல் நன்றாகக் கேட்கும். "பார்த்தீங்களா, தட்டிக் குடுக்குறான். என்ன இருந்தாலும் பெரிய மனசு அவனுக்கு." ஞானசௌந்தரி, "அத்தானாச்சே" என்கிறாள். இருபது வருகிறது. கைதட்டுகிறார்கள். நான் விடவில்லை. "பெரியப்பா இன்னும் எந்திரிக்கல, மறுபடியும் எண்ணு" என்று ஒரு பிள்ளை கத்துகிறது. மறுபடி ஒன்றிலிருந்து எண்ணுகிறார்கள். கை தட்டிக்கொண்டே இருக்கிறது. இரண்டாவது இருபதுக்கு அப்புறம் பிள்ளைகளுக்கு அலுத்துப்போய்விட்டது. அடுப்படியிலிருந்து ஹெப்சி கேக் வெட்டப் போகிறேன் என்று கூப்பிட்டாள். வீடியோ அங்கே நின்றுவிடுகிறது. இரண்டு நிமிடம் பதினோரு விநாடி.

எல்லாரும் எழுந்து சாப்பாட்டு மேசைப் பக்கம் போனார்கள். மாமனார்கூடப் போனார். ஹாலில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் அப்படியே இருந்தேன். எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள். உள்ளே ஒரு கேக்கை வெட்டி, பதினோரு பேருக்குத் தட்டில் வைத்து, யாருக்குப் பெரிய துண்டு என்று பிள்ளைகள் சண்டை போட்டு முடிக்கிற நேரம்.

பிறகு எழுந்தேன். அவர் சட்டையை இழுத்துவிட்டேன். சோபாவிலிருந்து ஒரு தலையணையை எடுத்துத் தலைக்குக் கீழே வைத்தேன். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி, மின்விசிறியை இரண்டில் வைத்தேன். ஞானசௌந்தரி எட்டிப் பார்த்தாள். "தூங்கிட்டாரு" என்றேன். "பிரியாணி சாப்பிட்டா அத்தானுக்கு ஒலகமே தெரியாது" என்று சொல்லிவிட்டு ஹால் லைட்டை அணைத்தாள். எனக்கும் ஒரு துண்டு கேக் கொடுத்தாள். சாப்பிட்டேன். பிள்ளைகள் வந்து, பெரியப்பாவை எழுப்பாதீங்க என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு நுனிக் காலில் நடந்தார்கள்.

ஐந்து மணிக்கு ஹெப்சி டீ எடுத்துக்கொண்டு போனாள்.

ஆஸ்பத்திரியில் இருதயம் என்றார்கள். ஏற்கெனவே ஸ்டென்ட் வைத்தவர், வயிறு முட்டச் சாப்பிட்டிருக்கிறார், தூக்கத்திலேயே போயிருக்கிறார். யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. நான்தான் ஆம்புலன்ஸில் கூடப் போனேன், நான்தான் சவப்பெட்டிக்குச் சொன்னேன், நான்தான் கல்லறைத் தோட்டத்தில் இடம் பார்த்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. ரயில்வேயிலிருந்து மட்டும் நானூறு பேர் வந்தார்கள். ஒவ்வொருத்தனும் அவர் செய்த உதவியைச் சொல்லி அழுதான். ஒருத்தனுக்கு ரத்தம் கொடுத்தாராம், ஒருத்தன் மகளுக்குக் காலேஜ் சீட் வாங்கித் தந்தாராம். நான் குடை பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு வயிறு எரிந்தது, மாஸ்டர். மண்ணுக்குள் போகும்போதும் அவர்தான் மேலே, நான்தான் கீழே. மாமனார் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு இனிமே யாரு இருக்கா" என்று கேட்டார். பக்கத்தில் நிற்கிறவன் யாராம்?

அந்தக் கோபம் இன்னும் போகவில்லை. நான் மறைக்க விரும்பவில்லை.

ஆனால் ஹெப்சியைப் பற்றி நீங்கள் யோசிக்க வேண்டும். அவள் அந்த வீடியோவை ஒரு நாளைக்குப் பத்து தடவை பார்க்கிறாள். சாப்பிடாமல் கிடந்தவள் அதைப் பார்த்துவிட்டுத்தான் எழுந்து உட்கார்ந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, கடைசியா உங்களத் தட்டிக் குடுத்துட்டுத்தான் போயிருக்காரு. உங்க மேல அவ்வளவு பாசம் அவருக்கு. அது போதும் எனக்கு" என்கிறாள். வருகிற எல்லாரிடமும் அதைத்தான் சொல்கிறாள். நீங்கள் ஸ்டேஷனுக்குப் போனால் அவளிடமிருந்து அதையும் பிடுங்கிக்கொள்வீர்கள். ஒரு விதவையின் கையில் மிச்சம் இருப்பது அவ்வளவுதான். அதை எனக்காகக் கேட்கவில்லை. அவளுக்காகக் கேட்கிறேன்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். தெரிந்ததா, தெரியவில்லையா.

சுவரோரம் உட்கார வைத்தவர் நீங்கள்தானே, உங்களுக்கே தெரியும். இருந்தாலும் நீங்கள் என் பக்கம் கொஞ்சம் யோசித்துப் பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஏசுதாசன் ஜூடோ படித்தவர் இல்லை. தட்டினால் விட வேண்டும் என்ற விதி அவருக்கு எப்படித் தெரியும்? மூச்சு முட்டுகிற மனிதன் அடிப்பான், பிராண்டுவான், முடியைப் பிடித்து இழுப்பான். இவர் மெதுவாகத் தட்டுகிறார். அப்படியானால் உண்மையிலேயே தட்டிக் கொடுத்தாரோ, தனசிங் ஏமாந்துதான் போனானோ என்று உங்களுக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. அதனால்தான் நேரே ஸ்டேஷனுக்குப் போகாமல் என் வீட்டுக்கு வந்தீர்கள். நீங்கள் நியாயமான ஆள். நியாயமான ஆளிடம் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

என் மகள் வீடியோ பட்டனை அமுக்குவதற்கு முன்னால் நான் அவர் காதருகே குனிந்தேன். பிள்ளைகள் போட்ட சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது.

"அண்ணா, முடியலன்னா என் முதுகுல ரெண்டு தட்டு தட்டுங்க. அதான் ரூல். உடனே விட்டுருவேன்" என்றேன்.

"அட, இதுக்கு ரூல்லாம் கீதா? சரி சகல" என்றார்.

அவர் என்னை அடிக்கவில்லை, பிராண்டவில்லை. இரண்டு தட்டினார். நிறுத்தினார். நான் விடுவதற்கு நேரம் கொடுத்தார். மறுபடி இரண்டு. எல்லாரும் கேக் சாப்பிடப் போன பிறகும், கையில் பலம் இல்லாமல் போன பிறகும், இரண்டு இரண்டாகத்தான் தட்டிக்கொண்டிருந்தார். இருபது வருடத்தில் நான் சொன்ன ஒன்றை அவர் கேட்டு நடந்தது அன்றைக்கு மட்டும்தான்.